கணித மேதை இராமானுஜன்

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தமிழ்நாட்டின் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கியிருந்ததால் பிற பாடங்களில் தோல்வியுற்றார். கல்லூரி உதவித்தொகையை இழந்தார்; பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டார்.

தாள் வாங்கப் பணம் போதாததால், சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு இருவரும் எண் பிரிவினையை ஆராய்ந்தனர். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐயோ 3,972,999,029,388 வகையாகப் பிரிக்கலாம்! மக்மேகன் என்னும் அறிஞர், ஆய்லரின் விதியைக் கொண்டு 200 வரையிலான விடைகளைக் கையாலேயே கணக்கிட்டார். அவ்விதிப்படி, 200க்குரிய விடையைக் காண முந்தைய விடைகளுள் 22 மட்டுமே போதும். மற்றவை சுழியத்தால் பெருக்கப்படுவதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. பால் வற்றிய மரங்களை விடுத்து, பால் தரும் மரங்களை மட்டும் நாடிச் செல்லும் இரப்பர்த் தோட்டத் தொழிலாளியின் வழி அது. இராமானுஜனும் ஹார்டியும் கண்ட சூத்திரமோ, முந்தைய விடை எதுவுமின்றி, எட்டே உறுப்புகளில் அவ்விடையை நெருங்கியது. வேறுபாடு 0.004 மட்டுமே.

1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். ஆயினும், நோய் அவரை வாட்டியது. 1919இல் தாயகம் திரும்பியவர், படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் காலமானார்.

இன்று வானிலையைக் கணிக்கவும் பாலத்தின் வலிமையை ஆராயவும் கணினிகள் மாபெரும் அணிகளைக் கையாளுகின்றன. அவற்றின் பெரும்பாலான இடங்களில் சுழியமே இருக்கும். சுழியமல்லாத எண்களையும் அவற்றின் இடங்களையும் மட்டும் சேமித்தால் நினைவகமும் நேரமும் மிச்சமாகும். குறைந்த இணைப்புகளைக் கொண்டே வலுவாகப் பின்னப்பட்ட ஒருவகை வலையமைப்பிற்கு, 1988இல் அறிஞர்கள் இராமானுஜனின் பெயரைச் சூட்டினர். அவர் சிலேட்டில் அழித்த வழிமுறைகள் மீளவில்லை. எனினும், குறிப்பேட்டில் விட்டுச்சென்ற முடிவுகளை அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்து நிறுவினர்.