மானிப்பாய் வைத்தியர்

திருநெல்வேலியிலே, பல்கலைக்கழகத்துக்கு அணித்தாக உள்ளது எனது இல்லம். ஊரார் நாவில் திண்ணைவேலி என்றே வழங்கும் இவ்வூரில் மாணாக்கர் அறை தேடி வருவது வழமை. என் வீட்டில் தங்கியிருக்கும் மருத்துவ மாணவர் ஒருவர், ஓரிரவு நரம்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் உருப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பி, இதனைத் தமிழிற் சொல்லும் என்றேன். அவர் திகைத்தார். பின்னர் மெல்ல மெல்ல விளக்கினார்.

பனங்கூடல் ஒழுங்கையில் இராக்காலத்தே நாகமொன்று குறுக்கிட்டால் நெஞ்சு படபடக்கிறது, கண்மணி விரிகிறது, வாய் உலர்கிறது, மயிர் சிலிர்க்கிறது. இவற்றுள் எதனையும் நாம் எண்ணிச் செய்வதில்லை. முள்ளந்தண்டின் இருமருங்கும் கழுத்திலிருந்து வாலெலும்பு வரை மணிமாலைபோல் தொடரும் நரம்புத் திரட்டுகளின் தொழில் அது. பரிவு நரம்புத் தொகுதி என்பது அதன் பெயர். பிட்டு உண்டு திண்ணையிற் சாய்ந்த பின் உமிழ்நீரைச் சுரப்பித்து, குடலை அசைத்து, இதயத்தைத் தணிப்பது பரபரிவு நரம்புத் தொகுதி. அது மூளையின் அடியிலிருந்தும் முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்தும் புறப்படுவது. அதனுள் தலையாயது வேகசு நரம்பு. குடற்சுவரிலோ தனியானதொரு நரம்பு வலையே உண்டு. மூன்றையும் சேர்த்துத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்கிறோம். ஒருறுப்பு வருந்த மற்றோருறுப்பும் உடன் வருந்தும் என்ற பழைய எண்ணத்திற் பிறந்ததே பரிவு என்னும் பெயர். பாம்பைக் கண்டு ஓடுபவனிடத்தே பரிவுக்கு என்ன வேலை என்று நான் கேட்க, தம்பி நகைத்தார்.

இவ்வளவையும் தமிழிற் சொல்லலாமா என்று அவர் வியந்தபோதுதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என் நினைவுக்கு வந்தார்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிற் சிலகாலம் தங்கியபின் மானிப்பாயில் அமர்ந்தார். நோயாளரைப் பார்த்ததோடு அமையாமல் உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கவும் முனைந்தார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். ஆனால் ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டினஞ் சென்றனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். இது அவர் உள்ளத்தை உறுத்தியது. 1857இல் தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தின்மேல் அக்காலத்து யாழ்ப்பாணத்தார் கொண்டிருந்த மோகத்தை அறிந்தவர்க்கு இதன் துணிவு விளங்கும்.

கற்பிக்க நூல் வேண்டுமே! 1852இலேயே அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் வெளிவந்துவிட்டது. இன்று நாம் உடற்கூற்றியல் என்பது அவருக்கு அங்காதிபாதம்; உடற்றொழிலியல் சுகரணம். தலைப்பு நாவைப் புரட்டுகிறதென்பது மெய்தான். ஆயினும் முதன்முதல் காடு வெட்டியவனிடம் வரம்பு கோணலென்று குறை கூறலாகாது. கிறே என்பாரின் பெருநூல் 1872இல் மனுஷ அங்காதிபாதமாயிற்று. பரிவு நரம்பைத் தனியே விரித்துரைக்கும் நூல் அது. டால்ற்றனின் உடற்றொழில் நூல் 1883இல் மனுஷ சுகரணமாயிற்று. இரண சிகிச்சை, பிரசவம், இரசாயனம் என்று அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கியவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேலாவர்.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தமிழிற் சொல் தேடினார், கிடையாவிடின் வடமொழியில், அங்கும் இல்லையேல் ஆங்கில ஒலியையே தமிழெழுத்தில் வடித்தார்.

1873இல் உடல்நலங் குன்றி ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்துவதை விட்டாரல்லர். 1884இல் மறைந்தார். கேம்பிறிட்ஜில் லாங்லி என்ற அறிஞர் தன்னாட்சி நரம்புக்கு இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டியதோ 1898இல். மானிப்பாயில் கிறீன் பெயர் தாங்கிய வைத்தியசாலை உண்டு. தமிழ் மருத்துவக் கல்வி மட்டும் அவருக்குப்பின் நிலைக்கவில்லை. இங்கே பல்கலைக்கழகத்திலும் பாடம் ஆங்கிலத்திலேதான்.

மறுநாள் தம்பி ஒரு தாளில் அந்நரம்பு மாலையை வரைந்து, ஒவ்வொரு திரட்டுக்கும் தமிழிற் பெயரெழுதிக்கொண்டு வந்தார். இரண்டுக்கு எங்கள் இருவருக்கும் சொல் அகப்படவில்லை. ஆங்கில ஒலியையே தமிழெழுத்தில் எழுதி வைத்தோம்.