புனித யோசேப் வாஸ் அடிகளார் (1651 – 1711)

பரிசுத்த வாழ்வு பற்றி வினா வந்தால் உங்களில் பலர் உலகத்தை விட்டு விலகி வாழ்வது என்று ஒரே வரியில் விடையை முடித்துவிடுகிறீர்கள். எதிலிருந்து விலகுவது என்பதை எழுதுவதில்லை. அதை விளங்கிக்கொள்ள, இலங்கையின் அப்போஸ்தலர் என அழைக்கப்படும் யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாற்றைக் கவனமாகப் படியுங்கள்.

இவர் 1651 ஏப்ரல் 21 இல் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், உயர் குலமாகக் கருதப்பட்ட கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 1676 இல் குருவானார். அடுத்த ஆண்டு, தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். குலப்பெருமை பேசப்பட்ட ஊரில், அடிமை என்ற சொல்லைத் தாமே விரும்பி ஏற்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கோவாவில் ஒறற்றோரியன் குருக்கள் குழுவுக்குத் தலைவரானார். அப்பதவியும் அவரைக் கட்டிவைக்கவில்லை.

அப்போது இலங்கையின் நிலை என்ன? போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். இதை அறிந்த அடிகளார் தலைமைப் பதவியை விட்டு, யோவான் என்னும் துணையாளுடன் புறப்பட்டு, 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்தவுடன் வயிற்றோட்டத்தால் சாகும் நிலைக்குச் சென்றார். நலமடைந்ததும், கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலை அவருடைய இருப்பிடமாயிற்று. பகலில் பிச்சைக்காரர், இரவில் குரு.

1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் திடீரெனச் சோதனை நடத்தினர். அடிகளார் தப்பினார். வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்கள் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டனர். சில கைந்நூல்கள் இதை விட்டுவிடுகின்றன, நீங்கள் விடாதீர்கள். தம்மால் பிறர் துன்பப்பட்டனர் என்ற வேதனையோடுதான் அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் சென்றிருப்பார் என்பது என் எண்ணம்.

1692 இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார். வறட்சியின்போது அவர் செபித்து மழை பெய்த நிகழ்வை நீங்கள் எல்லோரும் மறவாமல் எழுதுகிறீர்கள், ஆகவே அதை இங்கு விரிக்கவில்லை.

நீங்கள் மறப்பது 1697 ஐ. அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டு ஓடினர். மன்னனும் நகரை நீங்கினான். எல்லோரும் விலகிய அந்த நேரத்தில் விலகாமல் நின்றவர் அடிகளார். மருமகனான கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து குடிசைகள் அமைத்தார், புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தோரைத் தம் கையால் அடக்கம் செய்தார். பௌத்தர், கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அரசனின் தயவு கிடைத்தபின் வசதியாக வாழ வழி இருந்தும், வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்தார். ஒல்லாந்தரின் காவலை மீறிக் கொழும்புக்கும் மறைவாக வந்து மக்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார்.

1705 அளவில் அவரை ஆயராக்கும் எண்ணம் எழுந்தபோது மறுத்துவிட்டார். அதே ஆண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கை வந்து, பின்னர் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். இலக்கியம் படிக்கும் மாணவர்கள் அப்பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

அடிகளார் 1711 ஜனவரி 16 இல், 59 ஆவது வயதில், கண்டியில் காலமானார். 1995 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். ஹெவ்லொக் டவுனிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய இடந்தான் அது. கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு மட்டும் இன்று அடையாளம் ஏதும் எஞ்சவில்லை.