கனம் ஆட்ரி ஐயரும் அவர் செய்த மரவண்டியும்

சென்ற நவராத்திரியில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் வாழும் நண்பரொருவர் இல்லத்திற்குக் கொலுக் காணச் சென்றிருந்தோம். கொலுப்படிகளின் கீழே, செட்டியார் பொம்மையின் மளிகைக் கடைக்கு அருகில், ஒரு சிறு புகைவண்டி நின்றது. பெட்டிகள் தீப்பெட்டிகளால் ஆனவை. சக்கரங்கள் நூற்கண்டு உருளையை அறுத்துச் செய்தவை. முன் நின்ற எஞ்சினுக்கு நீல வண்ணம் பூசி, முகமும் எழுதியிருந்தனர். தாமஸ் என்பது அதன் பெயரென நண்பரின் தம்பியாகிய ஏழு வயதுச் சிறுவன் உரைத்து, இதனை முதன்முதலிற் செய்தவர் யாவர் என எம்மை வினவினான். ஏதோவொரு பொம்மைத் தொழிற்சாலையார் என்றோம். அவ்விடை முற்றும் பிழையென்பதைப் பின்னர்ப் படித்தறிந்து நாணினோம். அச்சிறுவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அவ்வெஞ்சினை முதலிற் செய்தவர் ஒரு குருவானவர். கனம் வில்பர்ட் ஆட்ரி ஐயர். (எம் திருச்சபையில் குருமாரை ஐயர் என்றழைப்பது வழக்கம். இதனை அறியாத நண்பரின் பாட்டனார், இங்கிலாந்தில் ஐயர் எங்ஙனம் பிறந்தார் என வியந்தனர்.) அவர் 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் ஹாம்ப்ஷயரிலுள்ள ஆம்ப்பீல்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வியர் ஆட்ரியும் குருவே. புகைவண்டிகளிடத்துப் பெருங்காதல் கொண்டவர். குருமனையின் தோட்டத்தில் ஏறத்தாழ 40 கஜ நீளத்திற்குச் சிறு தண்டவாளம் அமைத்து மாதிரி வண்டி ஓட்டியவர் அவர். இரும்புப்பாதைத் தொழிலாளரிடமும் நெருங்கிப் பழகி அவர்தம் அன்பைப் பெற்றிருந்தார். மகனுக்கு நடை பயிற்றியதும் வண்டிகளின் பெயர் பயிற்றியதும் ஏறக்குறைய ஒரே காலத்திலேயே நிகழ்ந்திருக்கும்போலும்.

பின்னர் அக்குடும்பம் வில்ட்ஷயரிலுள்ள பாக்ஸ் என்னும் ஊரிற் குடியேறியது. 1841-இல் திறக்கப்பெற்ற புகழ்மிக்க பாக்ஸ் மலைக்குடைவின் வாயில் அவர்தம் வீட்டிற்கு அணித்தேயிருந்தது. அவ்விடத்துப் பாதை நூறடிக்கு ஓரடி வீதம் ஏறுவது. பளுவண்டிகள் தாமே ஏறமாட்டாமையால், பின்னின்று தள்ளுதற்கென்று மற்றோர் எஞ்சின் அங்கே காத்திருக்கும். இரவிற் படுக்கையிற் கிடந்த சிறுவர், முன்னுள்ள எஞ்சின் இளைத்து மூச்சிரைப்பதையும் பின்னுள்ளது ஊக்கித் தள்ளுவதையும் செவிமடுத்து, அவை தம்முள் உரையாடுவனவாகவே கொண்டார். எம் விடுதியிலும் இரவில் காவிரிப் பாலத்தின்மீது வண்டி கடக்கும் ஓசை கேட்கும். இன்று அவை மின்சாரத்தால் ஓடுவன, புகையேதும் இல்லை, உரையாடலும் இல்லை. ஆயினும் புகைவண்டி என்னும் சொல்லைக் கைவிட எமக்கு மனம் வரவில்லை.

ஆக்ஸ்போர்டிற் பயின்று 1932-இற் பட்டம் பெற்ற ஆட்ரி, இறைநூலும் கற்று, எருசலேமிலுள்ள புனித ஜார்ஜ் பள்ளியில் மூன்றாண்டு ஆசிரியப்பணி புரிந்தார். 1936-இற் குருப்பட்டம் பெற்றார். 1938-இல் மார்கரெட் என்னும் மங்கையை மணந்தார். மறு ஆண்டிற் பெரும் போர் மூண்டது. கொலை செய்தல் எவ்வகையானும் தகாது என்பது அவர் கொண்ட உறுதி. தேசமெங்கும் போர்முழக்கம் கேட்கும் நாளில் இவ்வாறு கூறுவோரை ஆர் விரும்புவர்? உதவிக்குருவாயிருந்த இடத்தை அவர் இழக்க நேர்ந்தது. கைக்குழந்தையோடு வேலையின்றி நின்றவருக்கு, அதே கொள்கையுடையவராயிருந்த பர்மிங்காம் அத்தியட்சர் பார்ன்ஸ் இடமளித்தார். 1940 முதல் 1946 வரை அந்நகரைச் சார்ந்த கிங்ஸ் நார்ட்டனில் அவர் ஊழியம் செய்தார். அவரைக் குழந்தைக் கதைக்காரராக மட்டும் அறிந்தோர் இச்செய்தியைப் பெரும்பாலும் அறியார். எமக்கோ அவர் வாழ்க்கையில் இதுவே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது.

1943-இல் மகன் கிறிஸ்டபர் மணல்வாரி அம்மையால் வருந்தி இருட்டறையிற் கிடந்தான். அவனை மகிழ்விக்கத் தந்தையார் எட்வர்டு, கார்டன், ஹென்றி என்னும் மூன்று எஞ்சின்களின் கதையைக் கூறினார். குழந்தையோ, நேற்றுச் சொன்னதில் ஒரு சொல் இன்று மாறினும் பொறுத்தானல்லன். ஆகவே பழந்தாள்களில் அவற்றை எழுதிவைத்தார். மனைவியார் வற்புறுத்தலின்பேரிற் பதிப்பாளரைத் தேடினார். 1945 மே மாதத்தில் முதல் நூல் வெளிவந்தது.

கதை கேட்ட பிள்ளைக்கு எஞ்சினும் வேண்டுமன்றோ? போர்க்காலத்திற் கடைகளிற் பொம்மை கிடைப்பது அரிது. வாங்கப் பொருளும் இல்லை. விளக்குமாற்றுக் கழியை அறுத்துக் கொதிகலமாக்கி, கழிவு மரத்துண்டுகளை ஒட்டி, எட்வர்டையும் சில பெட்டிகளையும் தம் கையாலேயே செய்தளித்தார். மகன் அடுத்துக் கார்டனைக் கேட்டான். கார்டன் பேருருவினன், விரைவுவண்டி இழுப்பவன். அவனைச் செய்வது கையிலிருந்த துண்டுகளால் இயலவில்லை. ஆகவே ஆறு சக்கரமுடைய சிறியதோர் எஞ்சினைச் செய்து, தாமஸ் எனப் பெயரிட்டுக் கொடுத்தார். கதையிலே இல்லாத பொம்மை கைக்கு வந்துவிட்டது. இனி இதற்குக் கதை எங்கே என்று பிள்ளை கேட்டான். 1946-இல் அக்கதைகளும் நூலாயின. கதையினின்று மாதிரி பிறப்பதே உலக வழக்கு. உலகமறிந்த தாமஸோ மாதிரியாகப் பிறந்து, பின்னரே கதைக்குள் ஏறினான்.

நூல்கள் பெருகப் பெருக, ஐயரவர்களுக்கு ஓவியர்களோடு பிணக்கும் பெருகிற்று. டால்பி என்னும் ஓவியர் வண்ணம் தீட்டுவதில் வல்லவர். சக்கரங்களை எண்ணுவதில் அத்துணைக் கவலை கொண்டாரல்லர். ஹென்றி சில படங்களிற் கார்டனைப் போன்றே தோன்றினான். சிறுவர்கள் குறைகூறிக் கடிதம் எழுதினர். ஐயரவர்கள் இதற்குக் கண்ட வழி நயமானது. 1951-இல் வெளிவந்த நூலில் ஹென்றியை விபத்துக்குள்ளாக்கி, குரூ நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பி, வேறுருவத்தோடு திரும்பச் செய்தார். டால்பி 1956-க்குப்பின் விலகினார். இவ்வளவு பிடிவாதம் வேண்டுமோ என நண்பர் சிலர் எம்மை வினவினர். வேண்டும் என்பதே எம் துணிபு. பிழையைக் காண்பவன் குழந்தையாதலின், அவனை ஏய்த்தல் எளிதன்று.

தம் கதைகள் உண்மையில் நிகழக்கூடுவனவோ எனத் தேர, அவர் இல்லத்திலேயே மாதிரிப் பாதை அமைத்தார். தாமஸின் கிளைப்பாதை முடியும் பார்க்கர் நிலையத்தை மேசைமீது கட்டி, பொருட்காட்சிகளுக்கும் எடுத்துச் சென்றார். அதன் அளவு உண்மை ஓரடிக்கு 4 மில்லிமீட்டர். 30 அடி எஞ்சின் 12 சென்டிமீட்டராகும். இவ்வளவின்படி ஆங்கில நாட்டுத் தண்டவாள இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஆனால் அந்நாட்டு மாதிரிக்காரர்கள் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர்ப் பாதையையே வழங்கினர். ஹென்றியின் சக்கரத்திற்காக வழக்காடிய ஐயரவர்களும் அக்குறுகிய பாதையிலேயே தம் வண்டிகளை ஓட்டினார்.

எஞ்சின்கள் வாழ ஓர் ஊரும் வேண்டியிருந்தது. மான் தீவின் அத்தியட்சருக்குச் சோடர், மான் என்னும் ஈரிடங்களின் பெயரும் பட்டத்தில் உண்டு. மான் என்பது தீவு. சோடர் என்றொரு தீவு கடலில் இல்லை. இல்லாத அத்தீவை ஆட்ரி தம்முடையதாக்கிக்கொண்டு, தம்பியார் ஜார்ஜுடன் மலையும் ஆறும் வரலாறும் வகுத்தார். 1952-இல் வேல்ஸ் நாட்டுத் தாலித்லின் சிறுபாதையிற் கூலி பெறாத் தொண்டராகக் காவலர் பணி செய்தார். சிற்றுண்டி விற்கும் மாதினை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டியை அனுப்பிய தம் தவற்றையும் கதையாக்கினார். 1964-இல் வந்த நூல் பற்சக்கரத்தால் மலையேறும் எஞ்சின்களைப் பற்றியது. ஸ்நோடன் மலைப்பாதையை ஒட்டி எழுந்தது. நம் நீலகிரிப் பாதையும் அவ்வகையினதே. அதன் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதும், இந்நூற்றாண்டிற் புதியன கட்டியதும், எம் கல்லூரிக்கு அண்மையிலுள்ள பொன்மலைத் தொழிற்சாலையே என்பதை இங்குக் கூறாதிருக்க முடியவில்லை.

1972 வரை 26 நூல்கள் எழுதினார். 1984-இல் தொலைக்காட்சியில் வந்த தாமஸ் பெரிய அளவு மாதிரிகளால் ஆனவன். அதன் பிற்காலக் கதைகள் சில இரும்புப்பாதை விதிகளுக்கு மாறாயிருந்தமையால் ஐயரவர்கள் மனம் நொந்தார். 1997 மார்ச் 21-ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய படிப்பறை டவின் என்னும் ஊரிலுள்ள சிறுபாதைக் காட்சிச்சாலையில் மீண்டும் அமைக்கப்பெற்றது.

சென்ற மாதம் ஸ்ரீரங்கம் சென்று அச்சிறுவனிடம் இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையாகக் கேட்டபின், தந்தையார் அந்தப் பிள்ளைக்குக் கார்டனைப் பின்னராவது செய்து கொடுத்தாரா என்றான். அதற்கும் எம்மிடம் விடையில்லை. வரும் கொலுவிற்குள் கார்டனை யாமே செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். விடுதிப் பெருக்குபவரிடம் தேய்ந்த விளக்குமாற்றுக் கழியொன்று கேட்டு வாங்கியாயிற்று.