காட்டுயிர்க் கலைஞர் மா. கிருஷ்ணன்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. விலையுயர்ந்த கருவி கிடைத்தால்தான் அரிய செயல் செய்ய முடியும் என்று எண்ணி வாளாவிருப்போர் பலர். எளிய கருவியைத் தம் அறிவாலும் பொறுமையாலும் சிறப்புறச் செய்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், இயற்கையறிஞரும் நிழற்படக் கலைஞருமாகிய மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை எழுதிய அ. மாதவையாவே இவருடைய தந்தையார். உடன்பிறந்தார் எண்மருள் இவரே கடைக்குட்டி. குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அந்நாளைய மயிலாப்பூர் இன்றுள்ளது போன்ற நெருக்கமான நகரப்பகுதி அன்று. மரங்களும் புதர்களும் மண்டிப் பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் இருப்பிடமாய் விளங்கிற்று. அவற்றைக் கூர்ந்து நோக்குவதே சிறுவர் கிருஷ்ணனுக்குப் பெருவிருப்பமாயிற்று. 1925ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அப்போது இவருக்கு வயது 13.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் பயின்றார். ஆங்கே பேராசிரியராய் இருந்த பைசன் என்பார் மலைகளுக்குச் செல்லுங்கால் இவரும் உடன் சென்று, செடிகொடிகளின் இயல்பைக் கற்றார். ஓவியத்திலும் இவருக்குத் தேர்ச்சி உண்டு. 1942ஆம் ஆண்டு முதல் சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி முதலிய பல பணிகளை ஆற்றினார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். வேறோர் உத்தியோகம் தேடிக்கொள்ளும் தகுதி இவருக்கு இருந்தது, சட்டமும் படித்திருந்தார். ஆயினும் மாதச் சம்பளத்தை நாடாது, எழுத்தையும் ஓவியத்தையும் நிழற்படத்தையுமே வாழ்வின் துணையாகக் கொண்டார். மனைவியும் மகனும் உடைய ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு துணிந்தது எளிய செயலன்று.

காட்டு விலங்குகளைப் படம் பிடிக்க நல்ல காமிராவும், தொலைவிலுள்ளதை அணுக்கமாகக் காட்டும் லென்சும் வேண்டும். அவை அந்நாளில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. விலையோ மிக அதிகம். கிருஷ்ணன் அதற்காகச் சோர்ந்து விடவில்லை. ஒரு காமிராவின் உடற்பகுதியோடு வேறொன்றன் லென்சைப் பொருத்தினார். மற்ற உறுப்புகளையும் தாமே இணைத்துக் கொண்டார். அக்கூட்டுக் கருவிக்கு, அதன் பெருங்கனத்தைக் குறிக்கும் வண்ணம், ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். இயற்கையறிஞர் ஈ. பி. ஜீ அதனைக் கண்டு, எங்கேனும் கம்பியும் கட்டும் இருக்குமோ என ஐயுற்று நகைத்தார். ஆனால் அதிலிருந்து வந்த படங்களைக் கண்டபோது, அவை மிக உயர்ந்த தரத்தன என்று பாராட்டினார்.

இவர் 35 மில்லிமீட்டர் படச்சுருளைப் பயன்படுத்தவில்லை. வண்ணப் படத்தையும் விரும்பவில்லை. கறுப்பு வெள்ளையில், பெரிய அளவுடைய பிலிமிலேயே படம் எடுத்தார். சிறிய பிலிமில் விழுந்த உருவத்தை மிகுதியாகப் பெருக்கினால் அது புள்ளி புள்ளியாகச் சிதறித் தோன்றும். பெரிய பிலிமிலோ நுண்ணிய கோடுகளும் தெளிவாக நிற்கும். இதற்கு ஈடாகச் சுமையைத் தாங்க வேண்டும். சில படங்களுக்குள் பிலிமும் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் விலங்கின் குணமறிந்து, ஒளியறிந்து, காலம் வாய்க்குமளவும் காத்திருந்து விசையை அழுத்தினார். முதுமலை முதலிய காடுகளில் காட்டு யானைகளை இவ்வாறே படம் பிடித்தார். பிலிமைக் கழுவுவதும் படத்தைப் பெருக்கி அச்சிடுவதும் இவர் கைவேலையே.

‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் இயற்கை குறித்து இடைவிடாது எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் வரைந்தார். 1968ஆம் ஆண்டில் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையின் துணையால் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1995இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் பெருமைப்படுத்தியது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் காலமானார்.

காடு அழிந்தால் நாட்டின் இயல்பே அழியும் என்பது இவர் உட்கோள். அதனை உலகுக்கு உணர்த்தவே காமிராவைக் கையில் எடுத்தார். நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியின் ஆலைகளுக்கு அணித்தே பழவேற்காடு ஏரி உள்ளது. பூநாரைகள் அங்கே கூட்டங்கூட்டமாய் வந்து இரை தேடுகின்றன. அவற்றைப் படமெடுக்க விரும்பும் மாணவர், புதிய கருவியின் விலையை எண்ணி ஏங்க வேண்டா. பிறர் பயன்படுத்திய பழைய காமிராவாயினும், நமக்கு வேண்டியது இன்னது எனத் தெளிந்து தேர்ந்தால் போதும். பறவையின் வரவும் இருப்பும் அறியும் பொறுமையை மட்டும் எக்கடையிலும் வாங்க இயலாது. அதனை நாமே ஈட்ட வேண்டும்.