காலங் கடந்து வந்த கௌரவம்

தலதா மாளிகையின் முன்றிலிலுள்ள திடலில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கின்றது. பெரஹரா காலத்தில் எம்மவருட் பலர் அதன் அயலிலே இடம் பிடித்து அமர்ந்திருப்பர். ஒரு வீரனின் மண்டையோடு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டிருப்பதை அறிந்தோர் சிலரே. அவ்வீரனே மொனரவில கெப்பெட்டிப்பொல திசாவை.

அவர் முதலில் ஆங்கிலேயருக்குப் பகைவராக இருந்தவரல்லர். 1814ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆணையால் எகலப்பொலவின் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். அந்த அம்மையார் கெப்பெட்டிப்பொலவின் உடன்பிறந்தவர். மறு ஆண்டு மார்ச் 2ஆந் திகதி மகுல் மடுவ மண்டபத்திலே கண்டி இராச்சியம் ஆங்கில முடிக்குக் கையளிக்கப்பட்டபோது, உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் அவரும் ஒருவர். இதனை மறைத்து அவரைப் புகழ்வது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது என்பதே எமது கருத்து.

1817இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளிற் கலகம் மூண்டது. நாயக்கர் குலத்துத் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் கதிர்காமப் பக்கத்திலே தோன்றி அரசுரிமை கோரினான். விசாரிக்கச் சென்ற வில்சன் என்னும் ஆங்கில அதிகாரி அம்பெய்து கொல்லப்பட்டான். ஊவாத் திசாவையாயிருந்த கெப்பெட்டிப்பொலவை ஏறக்குறைய ஐந்நூறு பேருடன் கலகத்தை அடக்க அனுப்பினார்கள். அவரோ தம் மக்களின் பக்கம் சேர்ந்தார்! சேருமுன் ஒரு காரியஞ் செய்தார். ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளையும் மருந்தையும் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். பகைவன் கொடுத்த ஆயுதத்தால் அவனையே சுடுவது தகாது என்று அவர் எண்ணினாராம். துப்பாக்கிக்குத் தட்டுப்பாடான படையின் தலைவர் செய்த செயல் இது.

தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வயல்களையும் ஊர்களையும் எரித்தன. 1818ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கெப்பெட்டிப்பொல உட்படப் பத்தொன்பது தலைவர்கள் துரோகிகளெனப் பிரகடனஞ் செய்யப்பட்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அநுராதபுரப் பக்கத்திற் பிடிபட்ட அவருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

நவம்பர் இறுதியில், தண்டனை நிறைவேற இருந்த காலையில், அவர் தலதா மாளிகையில் வணங்கினார். தாம் அணிந்திருந்த துணியொன்றைக் காணிக்கையாக்கி, அப்புண்ணியத்திற் பாதியை அங்கு நின்ற சோயர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரிக்குப் பகிர்ந்தளித்தார். மறுபிறப்பில் இமயமலைச் சாரலிலே பிறக்கவேண்டும் என்பது அவர் வேண்டுதல். பின்னர் போகம்பறையிலே, தம் கையாலேயே கூந்தலை முடிந்துகொண்டு, பாளிச் சுலோகங்களை ஓதியபடி வாளுக்குத் தலை கொடுத்தார். இவற்றை எழுதி வைத்தவர் மார்ஷல் என்னும் ஆங்கிலப் படை வைத்தியர். மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டு சென்றவரும் அவரே. அங்கே தலையோட்டின் வடிவைக் கொண்டு குணத்தை அளக்க முயன்ற சங்கமொன்றின் காட்சிப்பொருளாக அது நெடுங்காலம் இருந்தது.

சுதந்திரத்தின் பின், 1954இல், அது தாயகம் மீண்டது. ஆயினும் துரோகி என்ற எழுத்து மட்டும் அரச ஏட்டினின்று நீங்கவில்லை. தலையைக் கொண்டு வந்தவர்கள் ஏட்டை மறந்தனர் போலும்! 2016 டிசம்பர் 8ஆந் திகதியே, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அப்பிரகடனத்தை இரத்துச் செய்து, பத்தொன்பதின்மரையும் தேசிய வீரர்களாக அறிவித்தார். அவ்வைபவம் நடந்ததும், கெப்பெட்டிப்பொல ஒப்பமிட்ட அதே மகுல் மடுவவிற்றான். இடையிற் கழிந்தவை 198 ஆண்டுகள். எரிந்த ஊர்களில் மாண்ட குடியானவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

மண்டபத்திலிருந்து நினைவுச்சின்னத்துக்குச் சில நிமிட நடையே. எமது இளைஞர்கள் பெரஹராக் கூட்டமில்லாத ஒரு காலையில் அவ்வழியே நடந்து வரலாம்.