சாக இருந்த கலையைக் காத்த சிற்பி

கனடா நாட்டின் மேற்குக் கடலோரத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவன் பெரிய கலைஞனாக வேண்டும் என்று உறவினர் ஒருவருக்கு ஆசை. குழந்தையின் கண்ணிமை மயிர் சிலவற்றை எடுத்து, வண்ணம் தீட்டும் தூரிகையில் சேர்த்துக் கட்டினாராம்!

அந்த ஆசை பலித்தது. அந்தக் குழந்தைதான் மங்கோ மார்ட்டின்.

மங்கோ 1879-ம் ஆண்டு வாக்கில், போர்ட் ரூபர்ட் என்ற ஊரில் பிறந்தார். குவாகுவாக்கவாக்கு என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். அந்த மக்கள் நெடிய தேவதாரு மரங்களில் தங்கள் குலச்சின்னங்களைச் செதுக்கி நடுவார்கள்.

வளர்ப்புத் தந்தை சார்லி ஜேம்ஸ் கைதேர்ந்த சிற்பி. அவரிடம்தான் மங்கோ வாய்ச்சி பிடிக்கக் கற்றார்.

தடை வந்தது

'பாட்லாட்ச்' என்பது அந்த மக்களின் பெருவிருந்து. முகமூடி அணிந்து ஆடுவார்கள், பாடுவார்கள். விருந்து வைப்பவர் வந்தவர்களுக்கெல்லாம் பரிசு வழங்குவார்.

1885-ல் கனடா அரசு அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1921-ல் தடையை மீறி நடந்த ஒரு விருந்துக்காகப் பலர் சிறை சென்றனர். முகமூடிகள் பறிக்கப்பட்டன.

விருந்து இல்லை என்றால் சிற்பிக்கு வேலை ஏது? மங்கோ மீன் பிடித்துப் பிழைத்தார். கற்க வரும் இளைஞர்கள் குறைந்தார்கள். ஆனால் மங்கோ எதையும் மறக்கவில்லை.

சிறுவனுக்குப் பாடம்

1951-ல் தடை நீங்கியது. அந்த ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி, ஒலிப்பதிவு செய்ய உதவினார். 1952-ல் விக்டோரியா நகர அருங்காட்சியகம் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல்!

மகன் டேவிட்டும் உறவினர் ஹென்றி ஹன்ட்டும் அவருடன் உழைத்தார்கள். ஹென்றியின் மகன் டோனி பள்ளிச் சிறுவன். அவனும் பெரியவரின் அருகில் இருந்து தொழில் கற்றான்.

1953-ல் தம் குல வழக்கப்படி ஒரு பெரிய மரவீட்டைக் கட்டி முடித்தார் மங்கோ. அதன் திறப்பு விழாவில் எல்லோரும் காணப் பாட்லாட்ச் நடத்தினார். 1956-ல் 127 அடி உயரச் சின்னமரம் எழுந்தது. 1958-ல் 100 அடி மரம் ஒன்று இங்கிலாந்தின் வின்ட்சர் பூங்காவுக்குச் சென்றது.

1959-ல் இடி விழுந்தது. மகன் டேவிட் கடலில் மூழ்கி இறந்தார். ஆனாலும் கலைக்கு வாரிசு இல்லாமல் போகவில்லை.

1962-ல் மங்கோ மறைந்தார். கடற்படைக் கப்பல் ஒன்று அவர் உடலைச் சொந்த மக்களிடம் கொண்டு சேர்த்தது. அருங்காட்சியகத்தில் அவர் இடத்துக்கு ஹென்றி வந்தார். சிறுவன் டோனியும் வளர்ந்து புகழ்பெற்ற சிற்பியானார், பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்.

சட்டம் முகமூடிகளைப் பறித்தது. ஆனால் ஒரு பெரியவரின் நெஞ்சில் இருந்த கலையைப் பறிக்க முடியவில்லை. அதை அவர் இளைஞர்களின் கையில் கொடுத்துவிட்டே கண் மூடினார்.