விண்ணப்பம் எழுதிய வணிகர் – கஜுல லட்சுமிநரசு செட்டி

நுழையும் முன்

ஊரில் குடிநீர் வரவில்லை என்றால் மக்கள் முறையீட்டுக் கடிதம் எழுதுகின்றனர். சாலை பழுதானால் பலரிடம் கையொப்பம் பெற்று அலுவலகத்தில் கொடுக்கின்றனர். இன்று எளிதாகத் தோன்றும் இச்செயல் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பு துணிவு மிக்க செயலாக இருந்தது. அந்நாளில் சென்னையில் வாழ்ந்த வணிகர் ஒருவர், உழவர்களின் துயரை எழுத்தில் வடித்துக் கடல் கடந்து இலண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டு சென்றார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் வணிகமும்

கஜுல லட்சுமிநரசு செட்டி 1806ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். இவருடைய தந்தையார் சித்துலு செட்டி, அவுரி வணிகத்தில் பெயர் பெற்றவர். இவர்களுடையது தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம். காஜுலு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு வளையல்கள் என்பது பொருள். தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலித்த சென்னையின் வணிகத் தெருக்களில் லட்சுமிநரசு வளர்ந்தார்.

அவுரி என்பது ஒரு செடி. அதன் தழையை நீர்த்தொட்டிகளில் ஊறவைத்து, அந்நீரைக் கடைந்து, அடியில் படியும் வண்டலைக் காய்ச்சி உலர்த்தினால் நீலச்சாயக் கட்டிகள் கிடைக்கும். செயற்கைச் சாயம் தோன்றாத அக்காலத்தில் ஐரோப்பிய நெசவாலைகள் இந்த நீலத்தைப் பெரிதும் விரும்பி வாங்கின. ஆகவே அவுரியும் துணியும் ஏற்றுமதி செய்த வணிகர்கள் செல்வம் சேர்த்தனர்.

பொதுமக்கள் சேர்ந்து பயிலக் கல்லூரி ஏதும் சென்னையில் இல்லாத காலம் அது. லட்சுமிநரசு பள்ளிப் படிப்பை முடித்தவுடன் தந்தையாருடன் வணிகத்தில் இறங்கினார். கூர்த்த அறிவும் கடும் உழைப்பும் உடையவராதலால் விரைவில் பெரும்பொருள் ஈட்டினார். அச்செல்வத்தைக் கொண்டு அவர் மாளிகைகள் கட்டி இன்பமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய உள்ளம் பொதுவாழ்வை நாடியது.

பிறை எழுந்தது

அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஆட்சியில் இந்தியர்க்கு எவ்விதப் பங்கும் இல்லை. மக்கள் குறைகளை ஆட்சியாளர்க்கு உணர்த்த ஓர் இதழ் வேண்டும் என்று லட்சுமிநரசு எண்ணினார். ஆட்சியாளர்கள் ஆங்கிலத்தையே படிப்பவர்கள். எனவே இதழும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் எனத் துணிந்தார். 1844ஆம் ஆண்டில் கிரசண்ட் என்னும் இதழைத் தொடங்கினார். அப்பெயருக்குப் பிறை என்பது பொருள். எட்வர்ட் ஹார்லி என்னும் ஆங்கிலேயர் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். இந்தியர் ஒருவரின் பொருளில், இந்தியர் நலனுக்காகச் சென்னையிலிருந்து வெளிவந்த முன்னோடி இதழாகக் கிரசண்ட் விளங்கியது. அரசு அதனை ஐயக்கண் கொண்டே நோக்கியது.

1846ஆம் ஆண்டு அவ்விதழுக்கு ஒரு சோதனை வந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் டுவீடேல் பிரபு. அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்க அவர் கருதினார். எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தில் நடைபெறும் பள்ளியில் ஒரு சமயத்தின் நூலை மட்டும் பாடமாக வைப்பது முறையன்று என லட்சுமிநரசுவும் அவரைச் சார்ந்தோரும் வாதிட்டனர். அவ்வாண்டு சென்னையில் அவர் தலைமையில் பொதுக்கூட்டம் கூடியது. கம்பெனியின் இயக்குநர் அவைக்கு விண்ணப்பம் அனுப்பப் பெற்றது. இலண்டனிலிருந்த இயக்குநர் அவை ஆளுநரின் கருத்தை ஏற்கவில்லை. வன்முறையின்றி, எழுத்தின் வழியாக ஓர் ஆளுநரின் திட்டத்தைத் தடுத்து நிறுத்தலாம் என்பதைச் சென்னை மக்கள் அன்று கண்டனர்.

சங்கமும் விண்ணப்பமும்

ஒருவர் குரலைவிடப் பலர் கூடி எழுப்பும் குரலுக்கு வலிமை மிகுதி. இதனை உணர்ந்த லட்சுமிநரசு 1852ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். தென்னிந்தியாவில் தோன்றிய முதல் அரசியல் அமைப்பு இதுவே எனலாம்.

கம்பெனிக்கு இந்தியாவை ஆளும் உரிமையை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிட்டன் நாடாளுமன்றம் புதுப்பித்து வந்தது. அடுத்த புதுப்பிப்பு 1853இல் வரவிருந்தது. அதற்குள் சென்னை மாகாணத்தின் நிலையை நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும் எனச் சங்கத்தார் விரைந்தனர். 1852ஆம் ஆண்டின் இறுதியில் நீண்டதொரு விண்ணப்பம் உருவாயிற்று.

அவ்விண்ணப்பம் எவரையும் இகழவில்லை; குறைகளை வரிசைப்படுத்தி விளக்கியது. நிலவரி உழவரால் தாங்க முடியாத அளவில் இருந்தது. தறிக்கும் கடைக்கும் தொழிற்கருவிக்கும் மோதர்பா என்னும் வரி பெறப்பட்டது. ஏரிகளும் வாய்க்கால்களும் செப்பனிடப்படாமல் கிடந்தன. சாலைகளும் பாலங்களும் போதவில்லை. வழக்குமன்றங்களில் காலமும் பொருளும் வீணாயின. கல்விக்கு அரசு செலவிட்ட தொகை மிகச் சிறியது. சட்டம் இயற்றும் அவையில் இந்தியர்க்கும் இடம் வேண்டும். இவையே அதன் சாரம். ஆயினும் 1853ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சியை மீண்டும் நீட்டித்தது. சங்கத்தார் மனம் தளரவில்லை.

உழவரின் துயர்

அந்நாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை நடைமுறையில் இருந்தது. இடைத்தரகர் இன்றி உழவரே அரசுக்கு நேராக வரி செலுத்துவது அம்முறை. மழை பொய்த்து விளைச்சல் குறைந்த ஆண்டிலும் வரியைச் செலுத்தியாக வேண்டும். வரி தண்டும் தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் இருந்தது. வரி கேட்பவரும் அவரே. அடித்துத் துன்புறுத்தினால் சென்று முறையிட வேண்டிய இடமும் அவரே. ஆகவே உழவருக்குப் புகலிடம் இல்லை.

வரி செலுத்த இயலாதவரை வெயிலில் நெடுநேரம் நிறுத்தினர். குனியவைத்து முதுகில் கல்லேற்றினர். கிட்டி என்னும் மரக்கருவியில் விரல்களை வைத்து நெரித்தனர். இக்கொடுமைகள் சிற்றூர்களில் எல்லார்க்கும் தெரிந்தவை. ஆனால் இலண்டனில் அவற்றை நம்புவார் இல்லை.

இந்நிலையில் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவருமான டான்பி சீமோர் 1853ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். இதுவே தக்க தருணம் என லட்சுமிநரசு உணர்ந்தார். விருந்தினரை நகரத்திலேயே வைத்து விருந்தளித்து அனுப்பிவிடவில்லை. மாவட்டங்களுக்கு அவருடன் தாமே பயணம் செய்தார். உழவர்களின் நிலையை நேரில் காணச் செய்தார். கேள்வியுற்ற செய்தியை மறுப்பது எளிது. கண்ணால் கண்ட சான்றை மறுப்பது அரிது.

நாடு திரும்பிய சீமோர், 1854ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாடாளுமன்றத்தில் இக்கொடுமைகளை எடுத்துரைத்தார். அவையில் பலர் அதனை மறுத்தனர். எனினும் உண்மையை ஆராயுமாறு சென்னை அரசுக்கு ஆணை பிறந்தது.

1,440 கடிதங்கள்

எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. துன்புற்றோர் முறையிடலாம் என அது பொது அறிவிப்புச் செய்தது. முறையிடுவதற்குக் கிடைத்த காலமோ மூன்று திங்களே.

முறையிட வருவது எளிதன்று. ஆணையத்தின் முன் பேசிவிட்டு ஊர் திரும்பினால், அங்கே அதே அதிகாரிதான் இருப்பார். அடுத்த ஆண்டு வரிக்கும் அவரே வருவார். புகைவண்டி ஓடாத அக்காலத்தில் சென்னைக்கு வருவதென்றால் பல நாள் நடக்க வேண்டும். அத்தனை அச்சத்தையும் தொலைவையும் கடந்து 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 பேரின் முறையீடுகள் கடிதங்களாக வந்து சேர்ந்தன. ஆக மொத்தம் 1,959 முறையீடுகள்.

1855ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுவதற்காகத் துன்புறுத்தல் நடைபெறுவது உண்மையே என அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் குற்றத்தை இந்தியக் கீழ்நிலை அலுவலர் மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளைக் குற்றத்தினின்று விலக்கியது. வரிச்சுமையை விதித்தவர் யார் என்னும் வினா எஞ்சி நின்றது. எனினும் பயன் விளையாமல் இல்லை. வரித்துறையினின்று காவல் பணியைப் பிரிக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் தனிக் காவல்துறையை அமைத்தது. வரி கேட்பவர் ஒருவர், காவல் காப்பவர் வேறொருவர் என்னும் நிலை உருவாயிற்று.

சங்கம் இத்துடன் நிற்கவில்லை. கம்பெனி ஆட்சியை நீக்கிவிட்டு, அரசியார் பெயரால் நாடாளுமன்றமே பொறுப்பேற்க வேண்டும் என மீண்டும் விண்ணப்பித்தது. 1857ஆம் ஆண்டின் பெரும் புரட்சிக்குப் பின், 1858இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றது.

சட்டமன்றத்தில்

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் சட்டமன்றம் அமைந்தது. அதில் முதல் இந்திய உறுப்பினராக அமர்ந்தவர் சடகோபாச்சார்லு. 1863ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் அவ்விடத்தில் லட்சுமிநரசு நியமிக்கப்பட்டார். முன்பு ஐயத்துடன் நோக்கிய அரசே அவருக்கு ஸ்டார் ஆப் இந்தியா பட்டமும் வழங்கியது.

அந்நாளைய சட்டமன்றத்தை இன்றைய சட்டமன்றத்தோடு ஒப்பிட இயலாது. உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநரே நியமித்தார். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவும் அரசிடம் வினாத் தொடுக்கவும் உறுப்பினர்க்கு உரிமை இல்லை. ஆயினும் சட்டம் இயற்றும் அவையில் இந்தியர்க்கு இடம் வேண்டும் என 1852இல் விண்ணப்பித்தவரே, 11 ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் அமர்ந்தது எண்ணி மகிழத் தக்கது. வாழ்நாள் இறுதி வரை அவர் உறுப்பினராக இருந்தார்.

மறைவு

இதழ் நடத்தப் பொருள் வேண்டும். விண்ணப்பங்களை எழுதவும், அச்சிடவும், ஊர்தோறும் கையொப்பம் பெறவும், இலண்டனுக்கு அனுப்பவும் பொருள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் லட்சுமிநரசு தம் கைப்பொருளையே வாரி வழங்கினார். அவுரியால் வந்த செல்வம் பொதுப்பணியில் கரைந்தது. 1868ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது வறிய நிலையில் இருந்தார். அவர் வளர்த்த சங்கமும் நலிந்தது. ஆயினும் அவர் காட்டிய வழி மறையவில்லை. 1884ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபை தோன்றியது. அடுத்த ஆண்டு இந்தியத் தேசியக் காங்கிரஸ் தோன்றியது. விண்ணப்பமும் பொதுக்கூட்டமும் இதழும் அவ்வமைப்புகளின் கருவிகள் ஆயின.

செல்வர் பலர் வாழ்ந்த நகரில் லட்சுமிநரசுவின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் ஈட்டிய பொருள் அன்று. தமக்கு நேராத துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதி, அதனை உலகறியச் செய்தமையே காரணம்.

தெரிந்து கொள்வோம்

லட்சுமிநரசு மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1881ஆம் ஆண்டு மைசூர் அரசில் பிரதிநிதிகள் சபை அமைக்கப்பட்டது. அதனை ஏற்படுத்திய திவான் ரங்காச்சார்லு, சென்னையை அடுத்த செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்து மைசூருக்கு வந்து பணியாற்றியவர். உழவர்களும் வணிகர்களும் உள்ளிட்ட 144 பேர் அச்சபையில் இடம்பெற்றனர். தசராத் திருவிழாவை ஒட்டி அவர்கள் மைசூரில் கூடி மக்கள் குறைகளை எடுத்துரைத்தனர்.

சொல்லும் பொருளும்

விண்ணப்பம் – வேண்டுகோள் மடல்
முறையீடு – குறையை எடுத்துச் சொல்லுதல்
தண்டுதல் – வரி முதலியவற்றைத் திரட்டுதல்
கிட்டி – விரலை இடுக்கி நெரிக்கும் கருவி
புகலிடம் – அடைக்கலம் பெறும் இடம்
நலிதல் – வலிமை குன்றுதல்
திங்கள் – மாதம்

மதிப்பீடு

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. லட்சுமிநரசு தொடங்கிய இதழின் பெயர் யாது?
2. சென்னைச் சுதேசிகள் சங்கம் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?
3. ஆணையத்துக்குக் கடிதங்களாக வந்த முறையீடுகள் எத்தனை?

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிரசண்ட் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது ஏன்?
2. தாசில்தார் துன்புறுத்தியபோது உழவருக்குப் புகலிடம் இல்லாமல் போனது ஏன்?
3. அக்காலச் சட்டமன்றத்துக்கும் இக்காலச் சட்டமன்றத்துக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
1. ஆணையத்தின் அறிக்கை முழு நீதியை வழங்கியதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. அச்சத்தை மீறி 519 பேர் நேரில் வந்தனர். அவர்களுள் ஒருவர் தம் பயணத்தை விவரிப்பதாகக் கற்பனை செய்து பத்து வரிகளில் எழுதுக.

ஈ. கடிதம் எழுதுக.
மைசூரு ஹெப்பாளில் உள்ள உங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது எனக் கொண்டு, வடிகால் அமைத்துத் தருமாறு உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பக் கடிதம் ஒன்று எழுதுக. குறை, அதன் காரணம், அதனால் விளையும் தீங்கு, வேண்டும் தீர்வு ஆகிய நான்கும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.